என் ட்ரஃபிள் படம் கம்பத்துக் கடை ஃப்ளெக்ஸில்: எடுத்தவருக்குச் சொந்தமா, காசு கொடுத்த எனக்கா?

ஏலக்காட்டுக்காரி, குமுளி

வணக்கம். விஷயம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குமுளியில் வீட்டை ஒட்டிய சமையற்கட்டில் சாக்லேட் செய்து விற்கிறேன். நானும், உதவிக்குத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வரும் ஒரு அக்காவும்தான் ஆட்கள். தேக்கடி ரோட்டில் கடைக்குக் கடை கண்ணாடிப் பெட்டியில் கிலோக் கணக்கில் அடுக்கி வைத்திருக்கும் ஹோம்மேட் சாக்லேட் ரகம் இல்லை. அதை மட்டமாகச் சொல்லவில்லை, சீசனில் பாதி ஊருக்கு அதுதான் சோறு. ஆனால் அதில் பெரும்பாலும் காம்பவுண்ட், அதாவது கோக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்புப் போட்டது. நான் கோக்கோ வெண்ணெய் உள்ள கோவர்ச்சர் சாக்லேட் வாங்கி, உருக்கி, டெம்பரிங் செய்து (பதமாகச் சூட்டை இறக்கி ஏற்றுவது), கையால் ஊற்றுகிறேன்.

என் சரக்கில் ராஜா ஏலக்காய் ட்ரஃபிள். வண்டன்மேட்டுப் பக்கம் தெரிந்தவர் தோட்டத்துக் காயை உடைத்துத் தோலோடு கிரீமில் போட்டு, ஓரத்தில் சின்னக் குமிழ் வந்ததும் அடுப்பை அணைத்து மூடிவிடுவேன். கொதிக்க விட்டால் கசப்பு ஏறும். வாசனை இறங்கியதும் வடிகட்டி, மறுபடி சூடாக்கி, நறுக்கிய சாக்லேட் மேல் ஊற்றி, நடுவிலிருந்து மெதுவாகக் கலக்கினால் கனாஷ் பளபளவென்று திரளும். ஆறியதும் உருட்டி, சாக்லேட்டில் முக்கி, கோக்கோப் பொடியில் புரட்டுவது. கடித்தால் மேலோடு டக்கென்று உடையும், உள்ளே இருப்பது நாக்குச் சூட்டிலேயே கரைந்துபோகும்.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் கட்டப்பனையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு தம்பியைக் கூப்பிட்டுப் படம் எடுத்தேன். ஒப்பந்தம் கிப்பந்தம் எதுவும் கிடையாது. வாட்ஸ்அப்பில் "10 படம், எடிட் பண்ணித் தரேன் சேச்சி, 6000" என்றார். "சரி" என்றேன். ஜிபேயில் பணம் போட்டேன். எடுத்தது என் சமையற்கட்டு ஜன்னலோரம். கீழே கிடப்பது என் கடப்பைக் கல். ட்ரஃபிளைப் பாதியாக வெட்டி, வெட்டு முகம் தெரிய நிறுத்தி, பக்கத்தில் ஒரு காயைப் பிளந்து, கறுப்பு விதைகளை ஊசி முனையால் ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்தது நான். கேமராவை அமுக்கியது அவர்.

போன வாரம் தேனியிலிருந்து வழக்கமாக வாங்கும் ஒரு டீச்சர் போன் செய்தார். "என்ன இப்படி ஆயிடுச்சு உங்க சாக்லேட்? அண்ணத்துல மெழுகு ஒட்டுற மாதிரி இருக்கு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விசாரித்தால், அவர் வாங்கியது கம்பத்தில் ஒரு கடையில். வாசலில் என் படம் போட்ட ஃப்ளெக்ஸைப் பார்த்து, என் சரக்கை அங்கே விற்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். ஃப்ளெக்ஸைப் படம் பிடித்தும் அனுப்பினார். சந்தேகமே இல்லை. என் கடப்பைக் கல்லின் இடது மூலையில் குழவி விழுந்து ஒரு சில்லு பெயர்ந்திருக்கும், அது அப்படியே முழங்கை நீளத்துக்கு அங்கே தொங்குகிறது. அந்தக் கடையின் இன்ஸ்டாகிராமிலும், சாப்பாடு கொண்டுவரும் ஆப்பில் அவர்கள் மெனுவிலும் அதே படம்தான்.

ஸ்டுடியோ தம்பியைக் கேட்டேன். கொஞ்சமும் தயங்கவில்லை. "எடுத்தவனுக்குத்தான் காப்பிரைட், யூடியூபில் பாருங்க சேச்சி. அவங்க 2000 தந்தாங்க, கொடுத்தேன்" என்கிறார்.

இன்னொன்றும் உண்டு. அதே கடை போட்டிருக்கும் இரண்டாவது படம், ஓணத்துக்கு வீட்டுக்கு வந்தபோது என் சொந்த அக்கா மகன் அவன் போனில் சும்மா எடுத்தது. கல்லூரியில் படிக்கிற பையன், காசு எதுவும் வாங்கவில்லை. அதை இணையத்தில் என் பக்கத்திலிருந்து எடுத்து, கீழே இருந்த என் பிராண்ட் பெயரை வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறார்கள்.

இப்போது இந்தப் படங்கள் யாருக்குச் சொந்தம்? நான் கேரளாவில் இருக்கிறேன், கடை தமிழ்நாட்டில். செக்போஸ்டைத் தாண்டி, மலையிறங்கினால் கம்பம்தான், ஆனால் போலீஸ், கோர்ட் என்றால் வேறு மாநிலம் ஆயிற்றே. பணத்தை விட எனக்கு எரிகிறது, என் படத்தைக் காட்டிக் காம்பவுண்டை விற்பதுதான்.


ஜன்னல் வெளிச்சம், கொழிஞ்சாம்பாறை

அக்கா, நான் கேமராக்காரன். கல்யாணம்தான் பிழைப்பு, நடுவில் பாலக்காடு, பொள்ளாச்சி பேக்கரிகளுக்கு உணவுப் படமும் எடுப்பேன். அதனால் என் பேச்சு அந்தத் தம்பி பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் திட்டாதீர்கள்.

சாக்லேட் படம் எடுப்பது பிரியாணி படம் எடுப்பது மாதிரி இல்லை. பிரியாணி எந்த வெளிச்சத்திலும் பிரியாணியாகத் தெரியும். சாக்லேட் கறுப்பு, வெளிச்சத்தை விழுங்கிவிடும். முன்னாலிருந்து விளக்குப் போட்டால் கரிக்கட்டை மாதிரி இருக்கும். பக்கவாட்டில் ஜன்னல், எதிரில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல், அப்போதுதான் விளிம்பில் ஒரு மினுக்கு வரும். விரல் பட்டால் ரேகை விழும், கையுறை இல்லாமல் தொடக்கூடாது. ஃப்ரிட்ஜிலிருந்து நேரே எடுத்து வைத்தால் மேலே பனித்துளி பூத்து, அது காய்ந்த இடத்தில் சர்க்கரை வெளுத்துத் திட்டு விழும். வெட்டு முகத்தில் கனாஷ் சீக்கிரம் வியர்க்கும், நாலைந்து கிளிக்குக்குள் முடித்தாக வேண்டும். இவ்வளவையும் தெரிந்து 10 படத்தை 6000க்கு ஒருவர் எடுத்துக் கொடுத்தால், படத்தை நீங்கள் உங்கள் வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாம் என்பதுதான் அந்த விலைக்கு அர்த்தம். நாங்கள் அப்படித்தான் புரிந்து வைத்திருக்கிறோம். முழு உரிமையும் வேண்டும் என்றால் அதற்குத் தனி ரேட், தனி எழுத்து.

ஆனால் ஒருவருக்கு எடுத்த படத்தை, அதே சரக்கை விற்கிற பக்கத்து ஊர்க்காரருக்குக் கொடுப்பது எந்தத் தொழிலிலும் நியாயம் இல்லை. கல்யாண ஆல்பத்தை வேறு மண்டபத்துக்காரர் விளம்பரத்துக்குக் கொடுத்தால் பெண் வீட்டுக்காரர் கேமராவையே உடைப்பார்.


கோட்டாறு வக்கீல், நாகர்கோவில்

கொழிஞ்சாம்பாறை நண்பர் சொல்வது தொழில் வழக்கம். யூடியூபில் அந்தத் தம்பி பார்த்தது அமெரிக்க, பிரிட்டிஷ் சட்டமாக இருக்கும். நம் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது.

1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் புகைப்படம் ஒரு கலைப்படைப்பு. கலை நயம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே கிடையாது, மெனு கார்டுப் படமும் கலைப்படைப்புதான். படம் எடுத்தவர்தான் அதன் ஆசிரியர். ஆனால் ஆசிரியரும் முதல் உரிமையாளரும் எப்போதும் ஒரே ஆள் இல்லை. 17ஆம் பிரிவின் (பி) உட்பிரிவு சொல்வது இது: ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பணம் அல்லது வேறு பிரதிபலன் கொடுத்து எடுத்த புகைப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். பிரிட்டனிலும் அவர்களுடைய 1956 சட்டப்படி இப்படித்தான் இருந்தது. 1988இல் வந்த சட்டத்தில் அவர்கள் மாற்றிக்கொண்டார்கள், நாம் மாற்றவில்லை.

ஆக, எழுத்தில் எதுவும் இல்லாதது உங்களுக்குப் பாதகம் இல்லை, சாதகம். எழுத்து இல்லாததால்தான் சட்டத்தின் பொது விதி வந்து உட்காருகிறது. "10 படம் 6000, சரி" என்ற வாட்ஸ்அப்பும் ஜிபே ரசீதும் போதும், நீங்கள் கேட்டீர்கள், காசு கொடுத்தீர்கள் என்று காட்ட. அந்த 10 படமும் உங்களுடையவை. தம்பிக்கு விற்க உரிமை இல்லை. ஆனால் 57ஆம் பிரிவுப்படி படம் தான் எடுத்தது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அவருக்கு எப்போதும் உண்டு. பெயரைப் போடச் சொன்னால் போட்டுவிடுங்கள், அதில் மல்லுக்கட்டாதீர்கள்.

அக்கா மகன் கதை நேர் எதிர். காசு கைமாறவில்லை, அவன் உங்கள் சம்பள ஆளும் இல்லை. அந்தப் படத்துக்கு அவனே ஆசிரியர், அவனே உரிமையாளர். பாசத்துக்கு 17(பி) கிடையாது. அவனிடம் 19ஆம் பிரிவுப்படி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எந்தப் படம், என்னென்ன உரிமை, எத்தனை வருடம், எந்தெந்த நாடு, என்ன தொகை, எல்லாம் அதில் இருக்க வேண்டும். வருடம் எழுதாவிட்டால் சட்டம் 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும். ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்றும் ஒரு விதி உண்டு, அது வேண்டாம் என்றால் அதையும் எழுதிவிட வேண்டும். படத்தின் பதிப்புரிமை மொத்தத்தில் எடுத்தவரின் ஆயுளும் அதற்குப் பிறகு 60 வருடமும். 2012 திருத்தத்துக்கு முன்னால் வெளியிட்டதிலிருந்து 60 வருடம் என்று இருந்தது. பழைய புத்தகத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

மாநில எல்லை ஒரு பிரச்சினையே இல்லை. மத்தியச் சட்டம், அதிலும் 62ஆம் பிரிவு, உரிமையாளர் தான் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது. உங்களுக்கு இடுக்கி மாவட்ட நீதிமன்றம், தொடுபுழா பக்கம் முட்டத்தில். (எங்கள் ஊர் முட்டத்தில் கடலும் கலங்கரை விளக்கமும்தான் இருக்கிறது, இங்கே வந்து நிற்காதீர்கள்.) கடைக்காரர்தான் மலையேறி வர வேண்டும். பதிவு செய்யவில்லையே என்று பயப்படவும் வேண்டாம். படம் எடுத்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவு என்பது சாட்சிக்கு உதவும் ஒரு காகிதம், அவ்வளவுதான்.

போலீஸ் பற்றி ஒரு வார்த்தை. 63ஆம் பிரிவுப்படி தெரிந்தே மீறுவது குற்றம், 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். 2022இல் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம், இது வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் வர முடியாத குற்றம் என்று சொல்லிவிட்டது. அதனால் ஸ்டேஷனுக்குப் போனால் வேலை நடக்கும். ஆனால் ஒரு ட்ரஃபிள் படத்துக்காக அங்கிருந்து ஆரம்பிக்க நான் சொல்ல மாட்டேன். முதலில் கடைக்காரருக்கும் தம்பிக்கும் நோட்டீஸ். அதையும் நிதானமாக எழுதுங்கள். ஆதாரமில்லாமல் மிரட்டினால் மிரட்டப்பட்டவரே உங்கள் மேல் வழக்குப் போட 60ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது.

கடைக்காரர் "எனக்குத் தெரியாது, நான் காசு கொடுத்துத்தானே வாங்கினேன்" என்பார். உரிமை இருப்பதே தெரியாது, சந்தேகிக்கவும் காரணம் இல்லை என்று நிரூபிப்பவருக்கு 55ஆம் பிரிவு கொஞ்சம் சலுகை தருகிறது. ஆனால் படத்துக்கென்று 2000 எண்ணிக் கொடுத்தவர், படத்துக்கு உரிமை என்று ஒன்று உண்டென்றே தெரியாது என்று எப்படிச் சொல்வார்? அந்தப் பணத்தை அவர் தம்பியிடம் திரும்பக் கேட்டுக்கொள்ளட்டும்.


சக்தி பேக்கரி, கம்பம்

அந்தக் கடை நான் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் என்று ஊகிக்க முடிகிறது, சொல்ல மாட்டேன்.

அக்கா, எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். ஃப்ளெக்ஸ் அடிக்கப் போனால் கடைப் பையனிடம் "கேக்கு படம் ஒண்ணு, சாக்லேட் படம் ஒண்ணு போடுப்பா" என்போம். அவன் கூகுளில் தேடி, நன்றாக இருப்பதை இழுத்துப் போடுவான். யாருடைய படம் என்று அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. சப்ளையர் வாட்ஸ்அப் குரூப்பில் தினம் காலையில் 20 படம் வந்து விழும், "உங்கள் ஸ்டேட்டஸில் வையுங்கள்" என்று. வைப்போம். இதில் எது திருட்டு, எது சப்ளையர் கொடுத்தது என்று எப்படிப் பிரிப்பது? கம்பம், கூடலூர், சின்னமனூர் பக்கம் பேக்கரி போர்டுகளைப் பாருங்கள். பாதிப் போர்டில் இருக்கும் பிளாக் ஃபாரஸ்ட்டை இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் செய்ததும் இல்லை, தின்றதும் இல்லை.

வக்கீல் ஐயா சொல்வதைக் கேட்டால் பயமாகத்தான் இருக்கிறது. இனிமேல் ஏஐ-யில் படம் போட்டுக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். அதற்கு யாரும் கேட்டு வர மாட்டார்கள் இல்லையா?


ஆனைமலை கோக்கோ

தென்னைக்கு ஊடுபயிராகக் கோக்கோ போட்டிருக்கிறோம், பழம் உடைத்துப் புளிக்க வைத்துக் காயப்போட்டு, சின்ன அளவில் சாக்லேட்டும் செய்கிறோம். பேக்கரி அண்ணன் கேட்டதற்கு முதலில். ஏஐ படத்துக்கு யாரும் உரிமை கேட்டு வராமல் இருக்கலாம். ஆனால் நீங்கள் செய்யாத பண்டத்தைக் காட்டி விற்றால் வாங்கியவர் கேட்டு வருவார். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இன் 53ஆம் பிரிவில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் இருக்கிறது. குமுளி அக்காவுக்கும் இதுதான் என் பதில். உங்களை எரிப்பது காம்பவுண்டு விவகாரம் என்றால் பதிப்புரிமையை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். படம் யாருடையது என்பது உங்களுக்கும் கடைக்கும் நடுவில். படத்தில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒன்றா என்பது கடைக்கும் அந்தத் தேனி டீச்சருக்கும் நடுவில். டீச்சரே தேனி மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு புகார் எழுதினால் அதற்குத் தனி எடை.

மெழுகு மாதிரி ஒட்டியது ஏன் என்று கேட்டால், கோக்கோ வெண்ணெய் கிட்டத்தட்ட 34 டிகிரியில் உருகும், அது நம் வாய்ச் சூட்டுக்குச் சற்றுக் கீழே. அதனால்தான் நாக்கில் வைத்ததும் காணாமல் போகிறது. காம்பவுண்டில் கோக்கோ வெண்ணெய்க்குப் பதில் பாம் கர்னல் மாதிரி தாவரக் கொழுப்பு. இறுக்கமாக்கிய கொழுப்பு வாயில் முழுசாகக் கரையாமல் அண்ணத்தில் படியும். ஆனால் அதற்கு டெம்பரிங் வேண்டாம், உருக்கி ஊற்றினால் போதும், கம்பம் வெயிலிலும் கண்ணாடிப் பெட்டியில் நிற்கும். நிஜ டார்க் சாக்லேட்டை 45, 50 டிகிரிக்கு உருக்கி, 27, 28க்கு இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏற்றினால்தான் படிகம் சரியாக அமைந்து அந்த மினுக்கும் டக்கென்ற ஓசையும் வரும். அக்கா ஊர்க் குளிரில் அது ஓரளவு எளிது. இங்கே ஏப்ரலில் ஏசி இல்லாமல் நினைத்துப் பார்க்கவும் முடியாது.

இதில் எல்லாருக்குமே ஒரு சங்கடம் இருக்கிறது. 2024இல் கோக்கோ விலை பிய்த்துக்கொண்டு போனதே, மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் சரிந்து நியூயார்க் சந்தையில் டன் 10,000 டாலரைத் தாண்டி, இடுக்கியில் காய்ந்த விதை கிலோ ஆயிரம் ரூபாயைத் தொட்டது. எங்களுக்குக் கொண்டாட்டம், சாக்லேட் செய்பவர்களுக்குத் திண்டாட்டம். கோவர்ச்சர் கட்டுப்படியாகாமல் சத்தமில்லாமல் காம்பவுண்டுக்கு மாறியவர்களை எனக்கே தெரியும். மெனுவில் இருப்பது பழைய படம். அது அவர்களுடைய சொந்தப் படம்தான், பதிப்புரிமையில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்தப் படம் இப்போது பொய்தானே?

அக்கா, ஒன்றை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைக்காரர் நாளைக்கே தானாக ஏலக்காய் ட்ரஃபிள் செய்து, தன் வீட்டுக் கல்லில் வைத்து, பக்கத்தில் ஒரு காயைப் பிளந்து படம் எடுத்துப் போட்டால் நீங்கள் ஒன்றும் கேட்க முடியாது என்று நினைக்கிறேன். வக்கீல் ஐயா திருத்தட்டும்.


கோட்டாறு வக்கீல், நாகர்கோவில்

திருத்த எதுவும் இல்லை, சரியாகச் சொல்லிவிட்டார். 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கிலிருந்தே இதுதான் நிலை. யோசனைக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான். ஏலக்காயும் சாக்லேட்டும் சேர்ப்பது யோசனை. சுவைக்கும் கிடையாது. ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஒரு டச்சு சீஸ் கம்பெனி தன் சீஸின் ருசிக்கே பதிப்புரிமை கேட்டுப் போய், 2018இல் வெறுங்கையோடு திரும்பியது. ருசியை எல்லாரும் ஒன்றுபோலத் துல்லியமாக அடையாளம் காட்ட முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. உங்கள் ட்ரஃபிளை யாரும் செய்யலாம். உங்கள் சில்லு போன கல்லோடு சேர்ந்த அந்தப் படத்தைத்தான் எடுக்கக் கூடாது.

கூகுளில் எடுத்தேன், குரூப்பில் வந்தது என்பதெல்லாம் பேக்கரி நண்பருக்குப் பதிலாகாது. 52ஆம் பிரிவில் நியாயமான பயன்பாடு என்று விமர்சனம், ஆய்வு, செய்தி எல்லாம் வருகிறது. ஃப்ளெக்ஸ் போர்டு வராது. சப்ளையர் படம் என்றால் "இதை உங்கள் விளம்பரத்தில் பயன்படுத்தலாம்" என்று அவரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள், அந்த வரியைத் தொலைக்காமல் வையுங்கள். ஜெர்மனியில் ஒரு சமையல் குறிப்புத் தளத்துக்கு இதே நிலைமை வந்தது. பயனர்கள் வேறொரு தளத்து உணவுப் படங்களை எடுத்து ஏற்றியிருந்தார்கள். "நாங்களா ஏற்றினோம்?" என்று தளம் கைவிரித்தது. 2009இல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம், குறிப்பையும் படத்தையும் தன் சரக்காகவே காட்டிக்கொண்ட தளம் பொறுப்பேற்றாக வேண்டும் என்றது.

குமுளி சகோதரி, நோட்டீஸ் அனுப்பும் முன் சாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். இல்லாவிட்டால் நோட்டீஸ் போன மறுநாள் எல்லாம் மறைந்துவிடும். இன்ஸ்டாகிராம் பக்கம், ஆப் மெனு, ஃப்ளெக்ஸ் எல்லாவற்றையும் முகவரியும் தேதியும் தெரியப் படம் பிடித்து வையுங்கள். தம்பி கொடுத்த மூலக் கோப்பை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாமல் அப்படியே ஒரு பென் டிரைவில் வையுங்கள், வாட்ஸ்அப் வழியே போனால் படம் சுருங்கி உள்விவரங்கள் போய்விடும். நீதிமன்றத்தில் மின்னணுச் சாட்சிக்கு இப்போது புதுச் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும், பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி போய்விட்டது. 2024 ஜூலை 1 முதல் இதுதான். பையன் படத்தில் உங்கள் பெயரை வெட்டியிருப்பதையும் தனியாகக் குறித்து வையுங்கள், அது பதிப்புரிமைச் சட்டத்தின் 65பி-யில் வரும் என்று வாதிட இடம் இருக்கிறது. இரண்டு சட்டத்திலும் 63, 65பி என்று ஒரே எண்ணாக வந்து எங்களையே குழப்புகிறது.

ஆப், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் பதிப்புரிமைப் புகாருக்கு என்றே படிவம் இருக்கும். நம் பதிப்புரிமை விதிகள் 2013இன் 75ஆம் விதிப்படி எழுத்துப்பூர்வமான, விவரம் சரியாக உள்ள புகார் வந்தால், தளம் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆனால் 21 நாளைக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் மறுபடி போட்டுவிடலாம். ஸ்டுடியோ படத்துக்கு உங்கள் பெயரில் புகார். பையன் படத்துக்கு, எழுதி வாங்கும் வரை, அவன் பெயரில்.


ஏலக்காட்டுக்காரி, குமுளி

எல்லாருக்கும் நன்றி. நடந்தவரை சொல்கிறேன்.

17(பி)யை மலையாளத்தில் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பேச்சில்லை. அப்புறம் அவரே கூப்பிட்டு, அவருக்குத் தெரிந்த ஒரு வக்கீலும் அதையே சொன்னதாகவும், கடைக்காரருக்கு 2000ஐத் திருப்பிப் போட்டுவிட்டதாகவும் சொன்னார். இனி யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். பதிலுக்கு அவர் கேட்டது, என் பக்கத்தில் படத்தின் கீழே ஸ்டுடியோ பெயர். போட்டுவிட்டேன். கொழிஞ்சாம்பாறை தம்பி, அடுத்த தடவை ரேட்டும் உரிமையும் பேசி எழுதிக்கொண்டுதான் கேமராவைத் திறக்கச் சொல்வேன், அது அவருக்கும் நல்லதுதானே. 6000 குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன்.

அக்கா மகன் எழுதிக் கொடுத்துவிட்டான். தொகை என்ற இடத்தில் "மாதம் ஒரு டப்பா ட்ரஃபிள், 10 வருடம்" என்று எழுதி வைத்திருக்கிறான். இது செல்லுமா வக்கீல் சார்?

ஆப்பில் படம் போய்விட்டது. இன்ஸ்டாகிராமில் கடைக்காரரே எடுத்துவிட்டார். ஃப்ளெக்ஸ் மட்டும் இன்னும் தொங்குகிறது. "புதுசு அடிக்கக் காசு யார் தருவா? கிழியட்டும், மாத்திடுறேன்" என்கிறார். டீச்சர் புகார் எழுத யோசிக்கிறார், கடைக்காரர் அவருடைய பழைய மாணவராம். அது அவர் பாடு, நான் வற்புறுத்தவில்லை.


கோட்டாறு வக்கீல், நாகர்கோவில்

ட்ரஃபிள் செல்லும். பணமாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் டப்பாவில் எத்தனை என்று எழுதிவிடுங்கள், பின்னால் தகராறு வரும்.

ஃப்ளெக்ஸுக்கு 58ஆம் பிரிவைக் கடைக்காரருக்கு வாசித்துக் காட்டுங்கள். உரிமை மீறி எடுத்த பிரதிகள் எல்லாம் பதிப்புரிமை உரிமையாளரின் சொத்தாகவே கருதப்படும், அவர் அவற்றை மீட்டுத் தரக் கேட்டு வழக்குப் போடலாம். அந்த போர்டு கிழியட்டும் என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. நோட்டீஸில் இதை ஒரு தனிப் பத்தியாகச் சேர்த்து, 7 நாள் கெடு வையுங்கள்.


ஏலக்காட்டுக்காரி, குமுளி

அதை அப்படியே போனில் சொன்னேன் சார். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "சரி, நாளைக்குக் காலையில குமுளி பஸ்ல கொடுத்து விடுறேன், கண்டக்டர்கிட்ட வாங்கிக்கோங்க" என்றார். பத்தடிக்கு நாலடி இருக்குமாம். இங்கே மழை பிடித்துவிட்டது, விறகுக் கொட்டகைக்கு மேல் போடச் சரியாக இருக்கும். படம் உள்பக்கமாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.